களியக்காவிளை வேறு, உட்லண்ட்ஸ் வேறு

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் மனைவியும் மலாக்கா பார்க்கப் பஸ்ஸில் கிளம்பினோம். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தவில்லையே என்று விசாரித்துவிட்டு வருவதற்குள், எங்கள் பெட்டியோடு பஸ் போய்விட்டது! வயதானவர்களுக்காகப் பத்து நிமிஷம் நிற்கக் கூடாதா? இது நியாயமா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: மாட்டுத்தாவணியில் திருவனந்தபுரம் பஸ் ஏறினால், களியக்காவிளை வந்ததே தெரியாமல் தூங்கிக்கொண்டே கேரளாவுக்குள் போய்விடலாம். அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டீர்கள். அங்கே அப்படி இல்லை. சிங்கப்பூர்ப் பக்கம் இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, மறுபடி ஏறி, 1924-இல் திறந்த அந்த ஒரு கிலோமீட்டர் சொச்சப் பாலத்தைத் தாண்டி, மலேசியப் பக்கம் ஜொகூர் பாருவில் திரும்ப இறங்க வேண்டும். பெட்டியையும் அங்கே எக்ஸ்ரேயில் வைத்தாக வேண்டும். இறங்கும்போதெல்லாம் பெட்டியும் கூட இறங்குவதுதான் புத்திசாலித்தனம். டவுன் பஸ்ஸுக்குக் கையில் காசு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகிற நாம், வெளிநாடு என்றதும் பெட்டியையே விட்டுவிட்டு இறங்குகிறோம்!

முத்திரை விஷயம்: வெளியேறுகிறவர்களுக்கு முத்திரை குத்துவதை 2019-லேயே சிங்கப்பூர் நிறுத்திவிட்டது. இல்லாத முத்திரைக்காக நீங்கள் நின்றிருக்கிறீர்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

டிரைவர் மேலும் தப்பு இருக்கிறது. எத்தனை நிமிஷம் நிற்பேன், எந்த இடத்தில் நிற்பேன் என்று வயதானவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்காக அவர் காத்திருக்க முடியாது. 170 மாதிரி ஊர் பஸ்ஸில் போனால் இந்தத் தொல்லை குறைவு. ஒன்று போனாலும் அதே எண்ணுள்ள அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். மலாக்கா மாதிரி தூரத்துப் பஸ் என்றால், இறங்கும் முன்பே வண்டி எண்ணை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை போவதானால், மலேசிய வருகைப் படிவத்தை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். சிங்கப்பூர் விசா பல முறை நுழையக்கூடியதா என்றும் பாருங்கள். ஒரே முறை விசா என்றால், திரும்பி வரும்போது மகள் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும்.

அது சரி, பெட்டி கிடைத்ததா? அதை எழுதாமல் நியாயம் மட்டும் கேட்டிருக்கிறீர்களே!