சிறுவர் வாட்டுக்குப் போக நினைக்கும் போகவந்தலாவைத் தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். போகவந்தலாவையில் பிறந்து, தாதியர் பயிற்சி முடித்து, இங்கிலாந்துக்கு வந்து நான்கு மாதமாகிறது. முதியவர்கள் வாட்டில் வேலை. ஆனால் மனசு கடும் நோயுள்ள பிள்ளைகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறது. அதற்கு என்ன வழி, ஆராய்ச்சி என்பதெல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த நமக்கு எட்டுமா, பிள்ளைகள் சாவதை எப்படித் தாங்குவது என்று கேட்டிருந்தீர்கள்.

நான் இங்கிலாந்து போய்ப் பதினாறு வருடம். அதில் ஒன்பது வருடம் ஒரு சிறுவர் ஹொஸ்பிஸில், கடும் நோயுள்ள பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லத்தில். இப்போது லீவுக்குத் தலவாக்கலை வந்திருக்கிறேன். தகரத்தில் மழை, அடுப்படியில் அம்மா ரொட்டி தட்டுகிறார். உங்களுக்குப் பதில் எழுத இதுதான் சரியான இடம். நான் சொல்லப்போவது இங்கே தொடங்கிய விஷயம்.

முதலில் கடதாசி வேலையைச் சொல்லிவிடுகிறேன். அங்கே தாதியரைப் பதிவு செய்யும் சபையான என்.எம்.சி.யின் பதிவில் பெரியவர்கள், சிறுவர், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு பிரிவு உண்டு. பொதுத் தாதியர் படிப்போடு போன நம்மில் அநேகம் பேர் பெரியவர்கள் பிரிவில்தான் ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை செய்து பதிவாகிறோம். சிறுவர் பிரிவில் இரண்டாவது பதிவு எடுக்க, ஏற்கெனவே தாதியாக இருப்பவர்களுக்கென்று சுருக்கப்பட்ட பல்கலைக்கழகப் பாடநெறிகள் இருக்கின்றன. சில சிறுவர் ஹொஸ்பிஸ்கள் பெரியவர்கள் பிரிவுப் பதிவு உள்ளவர்களையும் எடுக்கின்றன, விளம்பரத்தை முழுக்க வாசியுங்கள். ஆனால் இப்போதைய வேலையை விடுவதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் உங்களைக் கூட்டி வந்த செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லும் நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கும். புது இடம் உங்கள் விசாவுக்கு ஸ்பொன்சராக இருக்குமா என்றும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவசரப்படாதீர்கள், ஒரு வருடம் முதியவர் வாட்டில் நின்றது எனக்கு ஒருநாளும் வீண் போகவில்லை.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மலையகத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் வாட்டுக்கு எட்டு வயதுப் பையன் ஒருவன் வருவான். இரத்தப் புற்றுநோய். கொழும்புப் பக்கம் மருந்து ஏற்றிவிட்டு, இடையில் காய்ச்சல் வந்தால் எங்களிடம். அம்மா கொழுந்து பறிக்கிறவர். அவனோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. கடைசி முறை வந்தபோது, ஒரு ராத்திரி நான் சேலைன் மாற்றப் போனேன். அவன் தூங்கவில்லை. "மிஸ், எனக்கு என்னா ஆகும்?" என்று கேட்டான். நான் "ஒண்ணும் ஆகாது, கண்ண மூடித் தூங்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவன் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பத்து நாளில் இறந்துபோனான்.

அன்றைக்கு நான் செய்தது தவறு என்றுகூட எனக்குத் தெரியாது. பிள்ளையிடம் சாவைப் பற்றிப் பேசுவதா? வாயைக் கழுவு என்பார்கள் நம் ஆட்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

இங்கிலாந்தில் சிறுவர் வாட்டுக்கு மாறிய முதல் வருடம், ஒரு மூத்த தாதியோடு ஷிஃப்ட். ஒன்பது வயதுப் பிள்ளை அவரிடம் ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டது. அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்டார். பிள்ளை பேசத் தொடங்கியது. பயந்தது சாவுக்கு அல்ல, தன் நாயை யார் பார்ப்பார்கள் என்பதற்கு. நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். அந்தப் பிள்ளைக்காக மட்டும் அல்ல.

பிறகுதான் வாசித்தேன். மைரா புளூபொண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் 1970களில் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளின் வாட்டில் பல மாதம் கூடவே இருந்து பார்த்தவர். யாரும் சொல்லாமலேயே அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் சாகப்போவது தெரிந்திருந்தது. பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்று தெரியாத மாதிரி நடித்தார்கள். இதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று, இது ஒரு தாதி செய்த ஆராய்ச்சி என்பதால் உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுவீடனில் உல்ரிகா கிரைட்ஸ்பெர்க்ஸ் என்ற தாதி, புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரை நாடு முழுக்கத் தேடிக் கேள்வித்தாள் அனுப்பினார். 2004இல் முடிவு வெளியானது. பிள்ளையோடு சாவைப் பற்றிப் பேசிய 147 பெற்றோரில் ஒருவர்கூட ஏன் பேசினோம் என்று வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர், அதாவது 27 சதவீதம், பேசாமல் விட்டோமே என்று வருந்தினார்கள். பிள்ளைக்குத் தன் முடிவு தெரியும் என்று உள்ளுக்குள் உணர்ந்தும் பேசாமல் இருந்தவர்களிடம் இந்த வருத்தம் இன்னும் கூடுதலாக இருந்தது. இப்படிப்பட்ட பெற்றோரிடம் போய்க் கேள்வி கேட்பது புண்ணைக் கிளறுவதாகாதா என்று நீங்கள் நினைக்கலாம். அதையும் அவர்களிடமே கேட்டிருக்கிறார். பதில் சொன்னவர்களில் 99 சதவீதம் பேர் இந்த ஆய்வு பயனுள்ளது என்றார்கள். அவர்கள் பேசக் காத்திருந்திருக்கிறார்கள், கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

ஆராய்ச்சி நமக்கு எட்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதைத்தான் பதிலாக வைக்கிறேன். எங்கள் தலவாக்கலையில் சென்கூம்ஸ் தோட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது அங்கேதான், நிலையம் உருவானது 1925இல். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையில் பரவியபோது, எந்த மழையில் வருகிறது, எந்த இலையில் தொடங்குகிறது, எதைத் தெளித்தால் நிற்கிறது என்று செடியிடமே போய்ப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். ஆராய்ச்சி என்றால் இவ்வளவுதான் தங்கச்சி. பக்கத்தில் போய்ப் பார்ப்பது, எண்ணுவது, எழுதிவைப்பது, நாம் நினைத்தது சரியா என்று சோதிப்பது. தேயிலைச் செடிக்கு நூறு வருடமாக நடக்கிற இந்தக் காரியம், அந்தச் செடியில் கொழுந்து பறிக்கிறவரின் நோயுற்ற பிள்ளைக்கும் நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எங்கே தொடங்குவது? நீங்கள் ஏற்கெனவே தொடங்கத்தான் போகிறீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்.எம்.சி. பதிவைப் புதுப்பிக்க 450 மணித்தியால வேலை, 35 மணித்தியாலப் படிப்பு, அதோடு உங்கள் அனுபவத்திலிருந்து ஐந்து குறிப்புகள் எழுதிக் காட்ட வேண்டும். பலர் அந்த ஐந்தையும் கடைசி வாரத்தில் ஏனோதானோ என்று எழுதுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். என் முதல் குறிப்பு அந்தப் பையனைப் பற்றியது, பெயரும் ஊரும் இல்லாமல். அதை வாசித்த என் மேற்பார்வையாளர்தான் முதுமாணிப் படிப்புக்கு என்னை விண்ணப்பிக்க வைத்தார். பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆராய்ச்சித் தாதி என்றே ஒரு வேலை உண்டு, அவர்களைத் தேடிப் போய் ஒருநாள் கூட இருக்கக் கேளுங்கள். சிறுவர் நோய்தணிப்புப் பராமரிப்புக்கான சர்வதேச வலையமைப்பு, ஐ.சி.பி.சி.என். என்பார்கள், இணையத்தில் இலவசமாகப் பாடங்கள் வைத்திருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத நாட்களில் நான் அதைத்தான் படித்தேன்.

நோவைப் பற்றி ஒரு வார்த்தை. வலியை அளக்கும் முகப்படங்களைப் பார்த்திருப்பீர்கள், சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு. அதை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய இருவரில் டோனா வோங் ஒரு தாதி. பேச முடியாத பிள்ளைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்று ஐந்தையும் பார்த்து எண் போடுகிற முறை 1997இல் வந்தது. இவையெல்லாம் வாட்டில் பழகிவிடும். நான் கற்றது வேறு. ஒரு முறை யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று வந்தது. நான் "வலிக்குதா?" என்று கேட்கக் கேட்க இல்லை என்று தலையாட்டியது. அம்மம்மா வந்து "எங்க நோகுது ராசா?" என்றதும் இடுப்பைக் காட்டியது. இரண்டும் தமிழ்தான், அந்தப் பிள்ளையின் வீட்டுச் சொல் வேறு. அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும், ஆங்கிலப் பிள்ளையானாலும், வலிக்கு, மூத்திரத்துக்கு, பயத்துக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று முதல் நாளே கேட்டுக் கட்டில் தலைமாட்டில் எழுதிவைக்கிறேன்.

ஹொஸ்பிஸ் என்றதும் சாகிற இடம் என்று நினைத்திருப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். 1982இல் ஒக்ஸ்ஃபோர்டில் ஹெலன் ஹவுஸ் திறந்ததுதான் உலகின் முதல் சிறுவர் ஹொஸ்பிஸ். ஹெலன் என்ற சுகமில்லாத சின்னப் பிள்ளையின் பெற்றோருக்கு உதவப் போன ஒரு கன்னியாஸ்திரி, அவரும் தாதிப் பயிற்சி பெற்றவர், அந்த நட்பிலிருந்து தொடங்கினார். அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது இரண்டு நாள் நிம்மதியான தூக்கம். இன்றைக்கும் எங்களிடம் வருகிற பிள்ளைகளில் அநேகம் பேர் சில நாள் தங்கி விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். நோய் என்று தெரிந்த நாளிலிருந்தே, வைத்தியம் நடக்கிறதோ இல்லையோ, உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்து இந்தப் பராமரிப்பு தொடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே சொன்னது.

ஆனால் சாவும் உண்டு, அதை உங்களுக்கு மறைக்க மாட்டேன். பல ஹொஸ்பிஸ்களில் குளிரூட்டிய ஒரு படுக்கையறை இருக்கும். இறந்த பிள்ளையைச் சில நாள் அங்கே வைத்திருக்கலாம், பெற்றோர் எந்நேரமும் போய் இருக்கலாம். தப்பு மேளச் சத்தத்தோடு மறுநாளே மண்ணுக்குக் கொண்டுபோகிற ஊரிலிருந்து வந்த எனக்கு முதல் தடவை உள்ளே போகக் கால் வரவில்லை. அங்கே ஒரு தாய் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். சீப்பைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். அவ்வளவுதான் அன்றைக்கு என் வேலை. எப்படித் தாங்குவது என்று கேட்டீர்களே, தனியாகத் தாங்குவதில்லை. ஒவ்வொரு பிள்ளை போன பிறகும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம். அது வேலை நேரத்துக்குள் நடக்கும். நம் பழக்கத்தில் "நான் நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய் அழாதீர்கள். நான் முதல் இரண்டு வருடம் அப்படி இருந்து, உடம்புக்கு முடியாமல் போய்த்தான் திருந்தினேன். அம்மாவிடம் போனில் சொல்லவும் முடியாது, அவர் பயந்துவிடுவார். உங்களுக்கு அப்படி ஒரு ராத்திரி வந்தால் எனக்கு எழுதுங்கள்.

இந்த லீவில் ஒரு காரியம் செய்தேன். மலையக ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட அந்தப் பையனின் அம்மா எங்கள் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில்தான் இருக்கிறார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது. தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். அவன் கேட்டதையும் நான் சொன்னதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவனுக்குத் தெரியும் மிஸ்" என்றார். "கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பக்குள்ள பேட்டத் தூக்கித் தம்பிகிட்டக் குடுத்து, ஒடைச்சிராதடான்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினான். இத யாருமே எங்கிட்டக் கேக்கல." அந்த கிரிக்கெட் பேட் இன்னும் அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்துக் காட்டினார்.

அவரிடம் இன்னும் நிறையக் கேட்டேன். எத்தனை நாள் சம்பளப் பேர் போனது, எத்தனை பஸ் மாறினார், கொழும்பில் யார் அவருக்குத் தமிழில் விளக்கினார்கள், பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்க ஆசைப்பட்டாரா. அவர் அனுமதியோடு எழுதி வைத்திருக்கிறேன். இது ஆராய்ச்சி ஆகாது, ஒரு தாயின் கதைதான். ஆராய்ச்சி ஆக வேண்டுமென்றால் முறையான நெறிமுறைக் குழு அனுமதி, பெற்றோரின் சம்மதம், பிள்ளையிடம் கேட்பதானால் பிள்ளையின் சம்மதம் எல்லாம் வேண்டும். அதோடு தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவையும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தையும் தெரிந்த, இந்தத் தாய்மார்களின் தமிழ் தெரிந்த தாதியர் வேண்டும். நான் ஒருத்தி போதாது.

ஜனவரி பத்தாம் திகதிக்குப் பிறகு அங்கே இருப்பேன். உங்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். எங்கள் ஹொஸ்பிஸில் ஒருநாள் வந்து பார்க்கவும் கேட்டு வைக்கிறேன். குளிர் சப்பாத்து நல்லதாக ஒன்று வாங்குங்கள், பஸ் தரிப்பிலிருந்து மேலே ஏறி வர வேண்டும்.