கிராமத்துக் கோழிகளில் வைரஸ் நோயைக் கண்காணிக்க ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

மேய்ச்சலில் திரியும் வீட்டுக்கோழிகளிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பரிசோதித்தால் வைரஸ் நோயைக் கண்காணித்ததாக ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்குள் போய்க் கோழி பிடித்து ரத்தம் எடுத்தும் இருக்கிறேன், அந்த ரத்தத்தை ஆய்வகத்தில் உட்கார்ந்து சோதித்தும் இருக்கிறேன். ஆகாது. ரத்தம் எடுக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை மட்டும் வைத்து அறிக்கை எழுதினால் அறிக்கை நன்றாக இருக்கும், கோழி செத்துக்கொண்டே இருக்கும்.

காரணம் ரொம்பச் சுலபம். செத்த கோழி ரத்தம் கொடுக்க வராது. ராணிக்கெட் வைரஸின், அதாவது வெள்ளைக்கழிச்சலின், கடுமையான ரகம் தடுப்பூசி போடாத கூட்டத்துக்குள் நுழைந்தால் பெரும்பகுதியைக் காலி செய்துவிடும். தொற்றி ஐந்தாறு நாளில் நோய் தெரியும். ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள், தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் பல கோழிகள் போய்விடும். நீங்கள் மாதம் கழித்துப் போகும்போது முற்றத்தில் நிற்பவை பிழைத்துக்கொண்டவை, வெளியிலிருந்து புதிதாக வாங்கி விட்டவை, அப்புறம் இடையில் பொரித்த குஞ்சுகள். பிழைத்ததற்கு டைட்டர், அதாவது ஆன்டிபாடியின் அளவு, எகிறும், புதிதாக வந்ததற்கு ஒன்றுமே இருக்காது, இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு "பாதிக்கு மேல் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, பரவாயில்லை" என்று எழுதிவிடுவோம். அந்த வீட்டில் போன மாதம் முக்கால்வாசி செத்தது எந்த அட்டவணையிலும் வராது. குஞ்சு விஷயத்திலும் கவனம் வேண்டும், எதிர்ப்பு உள்ள தாயின் முட்டைக் கருவிலிருந்து வரும் ஆன்டிபாடி முதல் மூன்று நான்கு வாரம் குஞ்சிடம் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு குஞ்சுக்கு நோய் வந்து போனதாக முடிவு கட்டக் கூடாது.

அதனால் நான் முதலில் கேட்பது நோட்டுப் புத்தகம். வீட்டுக்கு ஒன்று. காலையில் கூட்டைத் திறந்துவிடுபவர் யாரோ அவர்தான் எழுத வேண்டும், வீட்டுத் தலைவர் என்று பெயருக்கு இருப்பவர் இல்லை. பெட்டை, சேவல், வளரும் கோழி, குஞ்சு என்று தனித்தனியாக எண்ணிக்கை. உள்ளே வந்தவை: பொரித்தது, வாங்கியது, யாராவது கொடுத்தது. வெளியே போனவை: விற்றது, சமைத்தது, கொடுத்தது, கீரியோ பருந்தோ தூக்கியது, செத்தது, காணாமல் போனது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் கோடு போட்டாலே போதும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது போய்க் கூட்டிக்கொள்ளலாம். இதில் எல்லாரும் "செத்தது" என்ற பத்தியை மட்டும் பார்ப்பார்கள். நான் "விற்றது", "சமைத்தது" இரண்டையும் முதலில் பார்ப்பேன். ஒரு கோழி தலை தொங்கி நின்றதுமே அனுபவசாலிகள் மிச்சத்தை விற்றுவிடுவார்கள், இல்லையென்றால் அறுத்துவிடுவார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது, செத்தால் முழு நஷ்டம் அவர்களுக்குத்தானே. ஆனால் ஒரே வாரத்தில் நாலு வீட்டில் விற்பனை திடீரென்று கூடினால் அங்கே என்னவோ நடக்கிறது, வைரஸும் அந்தக் கோழிகளோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே சந்தையையும் கணக்கில் சேருங்கள், ஊர் ஊராகத் தேடுவதைவிட சில நேரம் அங்கே சீக்கிரம் மாட்டும்.

எப்போது பதற வேண்டும்? குஞ்சு சாவு எப்போதும் இருக்கும், அதை வைத்து மணியடித்தால் தினமும் அடிக்க வேண்டும். வளர்ந்த கோழி இரண்டு மூன்று நாளுக்குள் ஒரே வீட்டில் இரண்டோ மூன்றோ செத்தாலோ, அடுத்தடுத்த வீடுகளில் செத்தாலோ உடனே தகவல் வர வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவு. உங்கள் இடத்துக்கு அதைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் வந்ததும் கண்ணால் பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிட ஆசை வரும். அம்மை என்றால் சொல்லலாம், கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் கட்டியிருக்கும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்திருந்தால் நரம்பைத் தாக்கும் மாரெக்ஸ் வைரஸ் நோய் என்று சந்தேகப்படலாம். ஆனால் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு, கழுத்து முறுக்கு, கூட்டமாகச் சாவு என்று வந்தால் அது ராணிக்கெட்டா பறவைக் காய்ச்சலா என்று எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கண்ணால் பிரிக்க முடியாது. கொண்டையும் தாடியும் வீங்கி நீலம் பாய்ந்திருந்தால் பறவைக் காய்ச்சல் சந்தேகம் கூடும், அவ்வளவுதான். பறவைக் காய்ச்சலின் எச்5என்1 ரகம் மனிதருக்கும் வரும், 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். எனவே செத்த கோழியை முற்றத்தில் வைத்து வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். கையுறை, முகக்கவசம் போட்டு, இரட்டைப் பையில் கட்டி கால்நடை மருத்துவரிடம் ஒப்படையுங்கள். இரண்டு நோயுமே அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவை.

ஸ்வாப், அதாவது பஞ்சுக்குச்சியால் துடைத்த மாதிரி, எடுப்பதென்றால் தொண்டையில் ஒன்று, எச்சத் துவாரத்தில் ஒன்று, நோய் தெரியும் கோழியிடமும் அப்போதுதான் செத்ததிடமும். நன்றாக மேய்ந்துகொண்டிருப்பதைப் பிடித்து எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது, தொற்றிய கோழி வைரஸை வெளியே விடுவதே ஒன்றிரண்டு வாரம்தான். பிளாஸ்டிக் குச்சி போதும், மரக்குச்சி சில சோதனைகளைக் கெடுக்கும். ஆய்வகம் கொடுத்த திரவமுள்ள குப்பியில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் சேர்த்துவிடுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் போட்டு "பத்திரமாக" வைப்பவர்கள் உண்டு, அதற்குச் சும்மா கீழ்த்தட்டில் வைத்திருக்கலாம்.

சரி, ரத்தத்துக்கு வருவோம். இறக்கையை விரித்து மடிப்புக்குப் பக்கத்தில் நாலைந்து சின்ன இறகைப் பிடுங்கி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் தோலுக்கடியில் நீலமாக ஒரு ரத்தக் குழாய் தெரியும். அதில் ஊசி குத்தி மெதுவாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் ரத்தக் குழாய் ஒட்டிக்கொண்டு ஒரு சொட்டும் வராது. ஊசியை எடுத்ததும் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்காவிட்டால் அந்த இடம் கருநீலமாக உப்பும், அதைப் பார்த்த வீட்டுக்காரர் அடுத்த கோழியைத் தர மாட்டார். ரத்தம் விட்ட சோதனைக் குழாயைச் சாய்த்து நிழலில் வையுங்கள், உறைவதற்கு முன் ஐஸில் வைக்காதீர்கள், வண்டியில் குலுக்கிக்கொண்டு போகாதீர்கள். ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்தான் சீரம், அது தெளிந்து வைக்கோல் நிறத்தில் நின்றால் நல்லது. சிவப்பாக இருந்தால் ஆய்வகத்தில் திட்டுவார்கள்.

எத்தனை கோழி? பத்தில் ஒன்றுக்காவது தொற்றிய அடையாளம் இருந்தால் அதில் ஒன்றாவது 95 சதவீத உறுதியோடு கையில் சிக்க 29 கோழி வேண்டும், நூற்றுக்கு ஐந்து என்றால் 59. கோழிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஒரே கூட்டில் அடைபவற்றில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும், அதனால் 29ஐயும் மூன்று வீட்டில் பிடித்து முடித்துவிட்டு வராதீர்கள், பத்துப் பதினைந்து வீட்டில் இரண்டு மூன்றாகப் பிடியுங்கள். முடிந்தால் காலில் எண் வளையம் மாட்டி அடுத்த தடவை அதே கோழியைத் தேடுங்கள். அது இல்லையென்றால் ஏன் இல்லை என்பதை நோட்டு சொல்லும்.

ஊர்க்காரரைக் கேட்டே நோயைத் தேடும் முறையைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். இந்தோனேசியாவில் 2006 முதல் வீட்டுக்கோழிகளில் பறவைக் காய்ச்சலை அப்படித்தான் தேடினார்கள், சந்தேகம் வந்த இடத்தில் அங்கேயே விரைவுச் சோதனை செய்தார்கள். என்ன நோய் என்று கேட்காதீர்கள், போன தடவை மொத்தமாகச் செத்தது எப்போது, முதலில் எந்த வீட்டில், அதற்கு முந்தின வாரம் அங்கே என்ன புதிதாக வந்தது என்று கேளுங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. கண்காணிக்கிறோம் என்று வந்து வந்து ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் மூன்றாவது தடவை கதவு திறக்காது. ராணிக்கெட்டுக்கு ஐ-2 மாதிரி வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தை நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் ஒரு சொட்டு விடலாம், பறவைக் காய்ச்சலை அது தடுக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். போட்ட தேதியை நோட்டிலும் ஆய்வகத்துக்கு அனுப்பும் குப்பியிலும் எழுதுங்கள். தடுப்பு மருந்தால் வந்த ஆன்டிபாடியையும் நோயால் வந்ததையும் ஆன்டிபாடியை அளக்கும் வழக்கமான எச்ஐ சோதனை பிரிக்காது, உயிருள்ள தடுப்பு மருந்து விட்ட சில நாளில் ஸ்வாப் எடுத்தால் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையும் பாசிட்டிவ் காட்டும், அப்புறம் மரபணு வரிசையைப் படித்துத்தான் கடுமையான ரகமா மருந்து ரகமா என்று சொல்ல வேண்டியிருக்கும்.