ரெண்டு இன்ஜின் இருக்குற சின்ன விமானத்துல மேகத்துக்குள்ள ஒண்ணு நின்னு போனா இன்னொண்ணு காப்பாத்தாதா?

பாதி பவர் போனா ஏறுற திறனும் பாதிதான் போகும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அங்கதான் தப்பு. நேரா பறக்கவே நிறைய பவர் வேணும், அது போக மிஞ்சுறதுலதான் மேல ஏறும், அதனால ஒரு இன்ஜின் நின்னா ஏறுற திறன்ல சுமார் 80 சதவீதம் காலி. பைப்பர் செனக்கா மாதிரி விமானத்துல இறக்கைல ஐஸ் வேற படிஞ்சிருந்தா உயரத்தை தக்க வைக்கிறதே பெரும்பாடு.

மேகத்துக்குள்ள அடிவானம் தெரியாது, மூக்கு செத்த இன்ஜின் பக்கம் இழுக்குறத உடம்பு தப்பாதான் சொல்லும், மீட்டரைத்தான் நம்பணும். மூக்கை நேரா வைக்க ரட்டர் (வால்ல இருக்குற திருப்புற பலகை) பெடலை மிதிக்கும்போது எந்தக் கால் சும்மா இருக்கோ அந்தப் பக்க இன்ஜின்தான் போச்சுன்னு பைலட்டுங்க கண்டுபிடிப்பாங்க, ஆனா பதட்டத்துல நல்லா ஓடுறதையே அணைச்ச கதையும் உண்டு (கொடுமைங்க). அப்புறம் நின்ன ப்ரொப்பல்லரோட பிளேடோட ஓரம் காத்தைப் பார்க்குற மாதிரி திருப்பி வைக்கணும், இல்லேன்னா அது பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். ஸ்பீட் மீட்டர்ல நீலக் கோட்டை (ஒரே இன்ஜின்ல நல்லா ஏறுற வேகம்) விடாம பிடிக்கணும், கீழ இருக்குற சிவப்புக் கோட்டுக்கும் (கட்டுப்பாடு இருக்குற குறைஞ்சபட்ச வேகம்) கீழ போனா ரட்டரை முழுசா மிதிச்சாலும் அந்த இழுப்பு நிக்காது, ஒரு பக்கமா புரண்டுடும்.

செஸ்னா 337-ல இந்தப் பக்கவாட்டு இழுப்பு கிடையாது, ஒரு இன்ஜின் முன்னாடி, ஒண்ணு பின்னாடி.