கணையக் கட்டியில் ஊசி குத்தினால் புற்று பரவுமா? வாசகர் கேள்வி-பதில்

அப்பாவுக்கு 62 வயது. கணையத்தின் தலைப்பகுதியில் 3 செ.மீ. கட்டி, கண்ணும் மஞ்சள். பயாப்ஸி (ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுத்தால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். (பென்னாகரம்)

பரவவே பரவாது என்று சொல்ல மாட்டேன். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் (வாய் வழியாக விடும் ஸ்கேன் குழாய்) வழியாக எடுக்கும்போது, ஆயிரத்தில் மூன்று நாலு பேருக்கு ஊசி போன தடத்தில் புற்று முளைக்கிறது. பெரும்பாலும் அது கணையத்தின் நடு (உடல்), வால் பகுதிக் கட்டிகளில். அங்கே ஊசி இரைப்பைச் சுவரைத் துளைத்துப் போகிறது. ஆபரேஷனுக்குப் பிறகும் அந்தச் சுவர் வயிற்றில் இருக்கும். தலைப்பகுதிக்கு ஊசி முன்சிறுகுடல் வழியாகப் போகிறது. கணையத் தலையை வெட்டி எடுக்கும் விப்பிள் ஆபரேஷனில் அந்தக் குடலையும் சேர்த்தே எடுப்பதால் தடமும் போய்விடும். உங்கள் அப்பாவுக்கு இதுதான்.

எடுப்பது எவ்வளவு? 22 கேஜ் என்ற மெல்லிய ஊசியில் இரண்டு மூன்று தடவை. ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் விட்டால் வெள்ளை நூலிழை மாதிரி மிதக்கும், அவ்வளவே.

நம் பக்கத்தில் உயிரை எடுப்பது தாமதம். கண் மஞ்சளானால் கீழாநெல்லி, பத்தியம். உடம்பெல்லாம் அரித்து, மலம் சுண்ணாம்பாக வெளுத்த பிறகும் அதே கீழாநெல்லி. அது பித்தக்குழாய் அடைப்பு; இலையில் திறக்காது. இரண்டு மாதம் கழித்து வந்தால் கட்டி ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கும், ஆபரேஷனுக்கு வழியிருக்காது. அப்போது பயாப்ஸி எடுத்தால், "ஊசி போட்டதால்தான் பரவியது" என்று ஊர் பேசும். ஊசி போட்ட அன்றே அது பரவித்தான் இருந்தது. இந்த வாரமே போங்கள்.

பயாப்ஸி இல்லாமலே ஆபரேஷன் என்கிறார் டாக்டர். சரியா? (கிருஷ்ணகிரி)

சரி. ஸ்கேனில் சந்தேகமில்லாமல் தெரிந்து, வெட்டி எடுக்கும் நிலையிலும் இருந்தால் தேவையில்லை. முதலில் கீமோ என்றால் கட்டாயம் வேண்டும். ஆட்டோஇம்யூன் அழற்சி (உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவது), காசநோய் சந்தேகம் இருந்தாலும் வேண்டும். மருந்திலேயே கரையும் கட்டிகள் அவை.

வயிற்றுத் தோல் வழியாகவே ஊசி போட்டால் என்ன? (அரூர்)

ஆபரேஷனுக்கு வாய்ப்புள்ளவருக்கு வேண்டாம். 2003-ல் வந்த ஓர் ஒப்பீட்டில், பிறகு வயிற்று உறையில் புற்று பரவியது தோல் வழியில் நூற்றுக்கு 16, எண்டோஸ்கோப்பி வழியில் 2. நூறு பேர்கூட இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனாலும் தடம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. கல்லீரலுக்கு ஏற்கெனவே பரவியிருந்தால், தோல் வழியாகக் கல்லீரலில் எடுப்பதே சுலபம்.

கணையத்தில் கட்டி. பயாப்ஸி எடுக்கலாமா? (பாலக்கோடு)

வயது? அளவு? தலையா, வாலா? காமாலை உண்டா? எதுவுமே எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து மறுபடி எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாள் போதாது, சி.டி. படத்தையும் கொண்டு போங்கள்.

பயாப்ஸியில் புற்று இல்லை என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா? (ஓசூர்)

கூடாது. புற்று இருந்தும் பத்தில் ஒருவருக்கு ஊசியில் சிக்காது. ஸ்கேன் சந்தேகமாகவே இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும், இல்லை நேராக ஆபரேஷன்.

ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறேன். பயாப்ஸி எடுக்கலாமா? (காவேரிப்பட்டணம்)

ஐந்து முதல் ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இதய டாக்டரைக் கேட்ட பிறகு. ஆஸ்பிரின் மட்டும் என்றால் தொடரலாம்.

காமாலைக்கு முதலில் ஸ்டென்ட் (பித்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் சிறு குழாய்) வைத்துவிடலாமா? (ஊத்தங்கரை)

சி.டி. எடுத்தாயிற்றா? ஸ்டென்ட்டுக்கு முன், ஊசிக்கு முன், கணையத்துக்கென்றே எடுக்கும் சி.டி. முடிந்திருக்க வேண்டும். ஸ்டென்ட் போனபின் படத்தில் கட்டியின் ஓரம் கலங்கிவிடும். ஊசி குத்தியதால் வரும் வீக்கமும் கட்டி போலவே தெரியும். பிறகு ரத்தக்குழாயைத் தொட்டிருக்கிறதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.