சிஎன்ஜி சிலிண்டருக்குள் கொட்டாங்கச்சிக் கரி போடலாமா?

கேள்வி: பேராவூரணியில் குட்டி யானை ஓட்டுகிறேன், சிஎன்ஜி வண்டி. பெரும்பாலும் தேங்காய் லோடுதான். கேஸ் பிடிக்க ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கிறது. சிலிண்டருக்குள் கொட்டாங்கச்சிக் கரியை நிரப்பினால் இரண்டு மடங்கு கேஸ் பிடிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் பக்கம் கொட்டாங்கச்சிக்குப் பஞ்சமே இல்லை. செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். சிலிண்டரின் வால்வைக் கழற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஆனால் அந்த வீடியோக்காரர் சொன்னது முழுக்கப் புளுகும் இல்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடுப்புக் கரி வேறு, தண்ணீர் ஃபில்டரில் போடும் கரி வேறு. இரண்டாவதை ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்பார்கள். கொட்டாங்கச்சியைக் கரியாக்கி, 900 டிகிரிக்குப் பக்கத்தில் நீராவி செலுத்திச் செய்வது. அதில் ஒரு கைப்பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ‘உஸ்ஸ்’ என்று சத்தம் வரும், குமிழ் குமிழாகக் காற்று கிளம்பும். அத்தனை காற்றும் கரியின் நுண்துளைகளில் ஒளிந்திருந்தது. அந்தத் துளைச் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால், ஒரே ஒரு கிராம் நல்ல கரியில் 1000 சதுர மீட்டருக்கு மேல் வரும். நம் நிலக் கணக்கில் ஒரு மாவுக்கு, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்குக்கு, கொஞ்சம்தான் குறைவு.

சிஎன்ஜி என்பது பெரும்பாலும் மீத்தேன். நடவு வயலில் சேற்றை மிதித்தால் குமிழாக வருகிறதே, அதேதான். குத்தாலம், நரிமணம் பக்கம் கிணறு தோண்டி எடுப்பதும் அதுதான். கோபுரத்துப் பொந்தில் புறா அடைவதைப் போல, இந்த மீத்தேன் கரியின் துளைச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பொந்து பெரிதாக இருந்தால் ஒட்டாது, ரொம்பச் சிறிதாக இருந்தால் நுழையவே முடியாது. சுமார் ஒரு நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அகலத் துளைதான் அதற்குத் தோது.

இனி அழுத்தக் கணக்குக்கு வருவோம். உங்கள் சிலிண்டரில் கேஸ் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம்தான். வெளியே சாதாரண அழுத்தத்தில் அளந்தால் ஏறக்குறைய 240 லிட்டர் வரும் கேஸ், 200 பாரில் ஒரு லிட்டர் இடத்துக்குள் அடங்கும். 35 பாரில் காலிச் சிலிண்டர் என்றால் 40 லிட்டர்கூட அடங்காது. அதே 35 பாரில் நல்ல கரி இருந்தால் 100, 150 லிட்டர் என்று பிடிக்கும். கரியின் மகிமை இந்தக் குறைந்த அழுத்தத்தில்தான். அழுத்தம் ஏற ஏற ஆதாயம் சுருங்கிக்கொண்டே வரும். ஏனென்றால் கரியும் இடத்தை அடைத்துக்கொள்கிறதே! நம் பங்க்கில் 200 பாரில்தான் பிடிக்கிறோம். அங்கே இரண்டு மடங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. லிட்டருக்கு அரைக் கிலோ கரி என்று வைத்தாலும் 60 லிட்டர் சிலிண்டருக்கு 30 கிலோ ஆகிறது. அந்த எடைக்குத் தேங்காய் ஏற்றிவிட்டுப் போகலாம்.

இந்த யோசனையைப் பெரிய ஆய்வகங்கள் உண்மையாகவே முயன்றிருக்கின்றன. 2007-ல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தார் மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையைக் கரியாக்கி, 35 பாரில் தன் அளவைப்போல 180 மடங்கு கேஸைப் பிடிக்க வைத்தார்கள். ஒரு பிக்கப் வண்டியிலும் பொருத்தி ஓட்டினார்கள். உலோகமும் கரிமமும் கோத்த ‘மாஃப்’ என்ற பொருள்களும் வந்திருக்கின்றன. சிலவற்றில் ஒரு கிராமுக்கு 7000 சதுர மீட்டர், அதாவது கால் வேலி (ஐந்து மா) நிலத்துக்கு மேல்! 2025-ன் வேதியியல் நோபல் பரிசு, இவற்றை உருவாக்கிய கிடாகவா, ராப்சன், யாகி மூவருக்கும் போனது. கழிவென்று எரிக்கிற சக்கையை வைத்து இவ்வளவு செய்ய முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

அப்புறம் ஏன் தெருவுக்கு வரவில்லை? கேஸ் ஒட்டும்போது கரி சூடாகிறது, சூடானால் பிடிப்பது குறைகிறது. வேகமாக நிரப்பினால் கால்பங்கு வரைகூட இழப்பு. வெளியேறும்போது குளிர்ந்துபோய், மிச்ச கேஸை விட மாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். வாசனைக்குச் சேர்க்கும் கந்தகப் பொருளும் ஈரமும், மீத்தேனோடு கலந்து வரும் ஈத்தேன், புரோப்பேன் வாயுக்களும் துளைகளில் போய் உட்கார்ந்துகொண்டால், நிரப்ப நிரப்பக் கொள்ளளவு இறங்கும்.

வீட்டில் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? கரிக்குள் இருக்கும் காற்றும் கேஸும் கலந்துவிடும். ஒரு பொறி போதும். கரித்தூள் ரெகுலேட்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். கரி இழுத்து வைத்திருக்கும் ஈரம் உள்ளே துரு பிடிக்க வைக்கும், அது வெளியே தெரியாது. 200 பார் தாங்க வேண்டிய இரும்பு அது. நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

தூரம்தான் பிரச்சினை என்றால், வண்டி தாங்குமா என்று பார்த்து, அங்கீகாரம் பெற்ற ஃபிட்டிங் சென்டரில் இன்னொரு சிலிண்டர் வைத்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடைச் சிலிண்டர் கூடாது. விடிகாலையில் சிலிண்டர் குளிர்ந்திருக்கும்போது பிடித்தால் சற்றுக் கூடுதலாகவே ஏறும். இன்றைக்கே வண்டியில் உள்ள தகட்டைப் பாருங்கள். 3 வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பது) கட்டாயம். தேதி தாண்டியிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.