லவ் பேர்ட்ஸுக்கு வீட்டிலேயே கம்பிக் கூண்டு செய்யலாமா? என்ன வலை வாங்க வேண்டும்?

தாராளமாகச் செய்யலாம். ஒரு ஜோடிக்குத்தான் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் புது வலையைக் கழுவாமல் பறவையை உள்ளே விட்டுவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதல் கூண்டு செய்தபோது ஜி.ஐ. வலையை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலையை, கடையிலிருந்து வந்தபடியே மாட்டினேன். பத்து நாளில் ஆண் பறவை உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஓயாமல் தண்ணீர் குடித்தது, எச்சம் தண்ணீராகப் போனது. கால்நடை மருத்துவர் பறவையைத் தொடும் முன்பே "கூண்டு புதுசா?" என்றுதான் கேட்டார். துத்தநாக நஞ்சு என்றார். இரண்டு நாளில் இறந்துவிட்டது. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி, அலகால் கம்பியைக் கவ்விக் கவ்வித்தான் மேலே ஏறும். பூச்சில் தொங்கும் சின்னத் துகளும் வெள்ளைப் பொடியும் அப்படியே வயிற்றுக்குள் போகின்றன. முப்பது, நாற்பது கிராம் உடம்பு அதைத் தாங்காது.

அதனால் வலையை வெட்டும் முன் வினிகர் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் இருபக்கமும் நன்றாகத் தேயுங்கள். பற்றவைத்த மூட்டுகளில் பூச்சு சொட்டுச் சொட்டாகத் திரண்டிருக்கும், அவற்றைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பிறகு நிறைய தண்ணீரில் அலசி வெயிலில் காயவிடுங்கள். இதனால் ஆபத்து முழுக்கப் போகாது, ஆனால் வெகுவாகக் குறையும். கையில் பணம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைதான் நல்லது.

வாங்க வேண்டியது அரை இஞ்சு கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பற்றவைத்த வலை. ஒரு இஞ்சு கண்ணில் பறவை தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும், பாம்பும் எலிக்குஞ்சும் உள்ளே வரும். அறுகோணக் கண் வைத்த கோழிவலை தொளதொளவென்று இருக்கும், வேண்டாம்.

பறவை பக்கவாட்டில்தான் பறக்கும். அதனால் உயரத்தைவிட நீளம் முக்கியம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வையுங்கள். மூன்றடி அகல மெஷ்ஷில் எட்டடி வாங்கினால் கணக்குச் சரியாக இருக்கும். ஆறடியை ஒரே துண்டாக வெட்டி, ஒன்றரை அடிக்கு ஒருமுறை மரப்பலகை விளிம்பில் வைத்து மடக்கினால் மேல், பின், அடி, முன் நான்கும் வந்துவிடும். இன்னொரு ஒன்றரை அடியை இரண்டாக வெட்டினால் இரு பக்கங்கள். மிச்சமிருக்கும் அரையடிப் பட்டையில் கதவு. முன்பக்கம் ஐந்து இஞ்சுச் சதுரமாக வெட்டி, ஆறு இஞ்சுத் துண்டை வெளியே மேலிருந்து தொங்கும்படி மாட்டுங்கள். தானாக மூடிக்கொள்ளும், இருந்தாலும் கீழே ஒரு கொக்கி போடுங்கள்.

மூலைகளைக் கூண்டு கிளிப்பால் இணைக்கலாம். கட்டுக்கம்பி என்றால் முறுக்கிய முனை வெளியே பார்த்து மடங்கியிருக்க வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைப்பது கூடவே கூடாது. வெட்டிய கம்பி நுனி எங்கும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அரத்தால் தேய்த்துவிட்டு உங்கள் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.

அப்புறம் உட்கார வேம்பு அல்லது கொய்யாக் கிளை, விரல் தடிமனுக்குக் கொஞ்சம் ஏறக்குறைய. தீனிக் கிண்ணத்துக்கு நேர் மேலே வைத்தால் எச்சம் அதில் விழும். கூண்டை நான்கு கட்டைகளின் மேல் ஏற்றி, அடியில் செய்தித்தாள் விரித்த தகரத் தட்டு வைத்தால் சுத்தம் செய்வது சுலபம்.

இந்தக் கூண்டில் பச்சைக்கிளியை மட்டும் வளர்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை, அதற்கு அந்தத் தடை இல்லை.

கூண்டைச் சமையலறையில் வைக்க வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும். காலை வெயில் கொஞ்சம் படும், பூனை எட்டாத தாழ்வாரம் இருந்தால் அங்கே வையுங்கள்.