புது டிவிடி டிரைவ் ஏன் சீக்கிரம் படுத்துவிடுகிறது?

கேள்வி: பழைய மேசைக் கணினியில் இருந்த டிவிடி ரைட்டர் பத்து வருஷம் உழைத்தது. லேப்டாப்புக்காகப் போன வருஷம் வாங்கிய மெல்லிய எக்ஸ்டர்னல் டிரைவோ இப்போதே பல டிஸ்க்குகளைப் படிக்க மறுக்கிறது. இப்போது வருவதெல்லாம் மட்டமான சரக்குதானா?

பதில்: டிரைவைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஆலையிலேயே அச்சடித்து வந்த படம் அல்லது பாட்டு டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அது ஓடி, நீங்கள் ரைட் செய்தவை மட்டும் ஓடாவிட்டால், கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கில்தான். ரைட் செய்யும் டிவிடியில் தகவல் பதிவது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் சூடும் பட்டால் அது மங்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கை ஒரு டிரைவ் கைவிட்டாலும் இன்னொன்று படித்துவிடும். கிடைக்கிற டிரைவில் எல்லாம் போட்டுப் பார்த்து, படிக்கும்போதே நகல் எடுத்துவிடுங்கள்.

அச்சடித்த டிவிடியும் ஓடவில்லை, ஆனால் சிடி மட்டும் ஓடுகிறது என்றால் கதை வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் அலைநீளம் என ஒரே டிரைவுக்குள் இரண்டு லேசர்கள் உண்டு. டிவிடிக்கான சிவப்பு லேசர் தேய்ந்துபோனால் டிவிடி மட்டும் படிக்காது. அதைப் பழுது பார்ப்பதை விடப் புதிது வாங்குவதே மேல்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மெல்லிய டிரைவ்கள் மேசைக் கணினி டிரைவ் அளவுக்கு உழைப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. மேசைக் கணினி டிரைவ் நான்கு சென்டிமீட்டர் உயரம். மோட்டாருக்குத் தனியாக 12 வோல்ட் வரும். லென்ஸ் உள்ளே பத்திரமாக இருக்கும், தட்டு மட்டும்தான் வெளியே வரும். மெல்லியது 12.7 அல்லது 9.5 மில்லிமீட்டர், எல்லாமே 5 வோல்ட்டில் நடக்க வேண்டும். அதன் தட்டை இழுத்துப் பாருங்கள்: மோட்டாரும் லென்ஸும் தட்டோடு சேர்ந்தே வெளியே வருகின்றன. திறக்கும்போதெல்லாம் லென்ஸில் தூசி படும், டிஸ்க்கை அழுத்தி மாட்டும்போது விரலும் படலாம். பின்னால் இருக்கும் பட்டை கேபிள் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. மேசைக் கணினி டிரைவில் அடிக்கடி போவது தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட்தான்; அதை மாற்றிக்கொள்ளலாம்.

மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். பல பெயர்களில் விற்கும் பெட்டிகளுக்குள் இருப்பது ஹிட்டாச்சி-எல்ஜி போன்ற சில தயாரிப்பாளர்களின் டிரைவ்தான். கணினியில் இடமும் சாட்டா (டிரைவ்களை உள்ளே இணைக்கும் வழி) இணைப்பும் இருந்தால் உள்ளே பொருத்தும் முழு அளவு டிரைவையே வாங்குங்கள். லேப்டாப் மட்டும்தான் என்றால், தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி பெட்டிக்குள் அதே டிரைவைப் போட்டுக்கொள்ளலாம். மேசையில் இடம் அடைக்கும், ஆனால் உழைக்கும்.

கேள்வி: ரைட் செய்யும்போது பாதியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: பொறுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. மோட்டார் வேகம் எடுக்கும்போதும் லேசர் எழுதும்போதும் 500 போதாமல் போகும். ஹப் வேண்டாம், குட்டைக் கேபிளில் நேராகக் கணினியில் செருகுங்கள். இரட்டைத் தலைக் கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். வேகத்தை 4எக்ஸ் ஆகக் குறையுங்கள். ஒரு முழு டிவிடிக்குச் சுமார் கால் மணி நேரம் ஆகும், போகட்டும். இதற்குப் பிறகும் அறுந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: லென்ஸ் துடைக்கும் டிஸ்க் வாங்கலாமா?

பதில்: தூசிக்கு உதவும், தேய்ந்த லேசருக்கு உதவாது. மெல்லிய டிரைவில் லென்ஸ் கண்ணுக்கே தெரிவதால் காற்றுப் பம்பால் ஊதினாலே போதும். அழுத்தித் துடைக்காதீர்கள், மெல்லிய கம்பிகளில்தான் அது நிற்கிறது.

கேள்வி: புது டிரைவில் படம் ஓடவில்லை, ஆனால் ஃபைல்கள் தெரிகின்றன.

பதில்: டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. விஎல்சி என்ற இலவச பிளேயரைப் போட்டால் ஓடும். 4கே ப்ளூ-ரே படத்துக்காக டிரைவ் வாங்க நினைப்பவர்கள் மட்டும் கவனியுங்கள்: அதற்கான அதிகாரப்பூர்வ மென்பொருளுக்குத் தேவையான எஸ்ஜிஎக்ஸ் என்ற சிப் பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் 11-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்களிலிருந்து எடுத்துவிட்டது; அவற்றில் அந்த மென்பொருளால் படத்தை ஓட்ட முடியாது.

கேள்வி: வாங்கியதும் எப்படிச் சோதிப்பது?

பதில்: திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அச்சடித்த சிடி, டிவிடி இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரு காலி டிஸ்க்கை முழுக்க நிரப்பி, 'வெரிஃபை' (எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது) போட்டு ரைட் செய்யுங்கள். சின்ன ஃபைல் ஒன்றை எழுதிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பதிவு நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகிறது. பிழைகள் அதிகம் வருவது கடைசியாக எழுதப்படும் வெளி ஓரத்தில்தான்.